கால் குறைத்த வாங்கு

யாராவது கதிரையை விட்டு எழும்பினால் அக்காவின் கண் அங்கே போய்விடும். பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும். எழும்புகிறவர் எந்தக் கையை ஊன்றுகிறார், எந்தக் காலை முதலில் பின்னுக்கு இழுக்கிறார், நிமிர்வதற்கு முன் ஒரு கணம் தாமதிக்கிறாரா என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடருவார். ஆரம்பத்தில் எங்களுக்கு இது பெரிய கூச்சம். அவர் வீட்டுக்கு வந்தால் நானும் மனைவி இராசமும் அவர் போகும்வரை எழும்பாமலே உட்கார்ந்திருந்த நாள்கூட உண்டு. தேநீர் ஆறிப்போய்க் குசினியில் கிடந்தது.

அக்கா என்கிறேனே தவிர, அவர் என்னைவிட நான்கு வயது இளையவர். எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னியில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவர் என்னை அண்ணை என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே விசாரித்துக்கொள்ளவில்லை.

ஒரு பொங்கலுக்கு, வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்தில் எல்லோரும் நிலத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து இராசம் கையை ஊன்றி எழும்பினாள். அக்கா அவளுக்கு அருகே போய் மெல்லிய குரலில், "எத்தினை மாதம்?" என்று கேட்டார். இராசத்தின் முகம் சிவந்துபோனது. இரண்டு மாதமும் ஆகவில்லை, எனக்கே அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நான் அப்பாவாகப் போகிறேன் என்ற சேதியை ஒரு மண்டபத்துப் பாயில் வைத்து, அதுவும் இன்னொருவர் கேட்ட கேள்வியிலிருந்து தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கொஞ்சம் கோபம்தான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அவர் ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர். ஒரு வருடப் பயிற்சிக்கென்று சிட்னிக்கு வந்தவருக்கு, பயிற்சி முடிந்ததும் இங்கேயே நிற்க அனுமதி கிடைத்தது. நிற்கத்தான் அனுமதி. அந்தத் தொழிலின் பெயரைப் போட்டு வேலை செய்ய வேண்டுமானால் திரும்பவும் படித்துப் பரீட்சை எழுதவேண்டும் என்றார்கள். அதனால் காலையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனார். பின்னேரங்களில் தன் வீட்டு முன்னறையில் முதுகும் கழுத்தும் பிடித்துவிடும் தொழிலைத் தொடங்குவது என்று முடிவு செய்தார். வீடு வெஸ்ட்மீட்டில். அப்போது அங்கே பெரிய ஆஸ்பத்திரி வரவில்லை, அதற்காக நின்ற கிரேன்கள்தான் தெரிந்தன. சேறும் சத்தமுமாக இருந்த அந்தத் தெருவில் ஏன் வீடு எடுத்தார் என்று எங்களில் எவருக்கும் விளங்கவில்லை.

வாசலில் என்ன பலகை போடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தோம். 'மசாஜ்' என்று போட்டால் அந்தக் காலத்துச் சிட்னியில் வேறு வகையான ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று நான் எச்சரித்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இராசம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விட்டுவிடுவோம். கடைசியில் ஆங்கிலத்தில் 'முதுகு, கழுத்து, மூட்டு' என்று மட்டும் எழுதி மாட்டினோம். இறைச்சிக்கடைப் பலகை மாதிரி இருக்கிறது என்றேன். "இருக்கட்டும் அண்ணை, நோகிற ஆக்களுக்கு விளங்கும்" என்றார்.

பலகைக்குப் பிறகு வாங்கு. ஆட்களைப் படுக்க வைத்து வேலை செய்கிற நீளமான, மெத்தை தைத்த மேசையைத்தான் அக்கா வாங்கு என்பார். எங்கள் ஊரில் உட்கார்ந்தாலும் படுத்தாலும், நீளமான பலகை என்றால் அது வாங்குதான். கடைகளில் இருந்தவை ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஓபர்னில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டறைக்கு என் பழைய காரில் அவரைக் கூட்டிப்போனேன். பட்டறைக்காரர் போருக்குப் பிறகு ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு கிழவர். சோபாக்களுக்குத் துணி மாற்றுவதும் டொக்டர்மாருக்குப் படுக்கை மேசைகள் செய்வதும் அவருடைய தொழில். அவருடைய ஆங்கிலமும் எங்களுடைய ஆங்கிலமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டாலும் எப்படியோ அலுவல் நடந்தது.

ஐந்து வாங்குகளை வரிசையாகக் காட்டினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இதில ஒருக்காப் படுங்கோ."

படுத்தேன். நல்ல மெத்தை. கண்ணை மூடினேன்.

"எழும்புங்கோ."

எழும்பினேன். அடுத்ததில் படுக்கச் சொன்னார். படுத்தேன், உடனே எழும்பச் சொன்னார். மூன்றாவதிலும் அப்படியே.

"படுக்கச் சுகமா இருக்கோ எண்டு ஒரு வார்த்தை கேக்க மாட்டியளோ?"

"படுக்கிறது ஆருக்கும் ஏலும். எழும்பேக்கைதான் வாங்கு எப்பிடியெண்டு தெரியும்."

நான்காவது வாங்கில் படுத்திருந்தபோது அவருடைய குரல் மாறியது.

"இப்ப, இடுப்புக்குக் கீழ ஒண்டுமே வேலை செய்யேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. காலைப் பாவிக்கக்கூடாது. கையால மட்டும் எழும்பி, பக்கத்தில இருக்கிற கதிரைக்குப் போங்கோ."

இது என்ன விளையாட்டு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கையை ஊன்றி உடம்பை இழுத்தேன். கால்கள் என்னைக் கேட்காமலே உதைத்தன. "கால், கால்" என்று அக்கா கண்டித்தார். இரண்டாம் தடவை கால்களை மரக்கட்டையாக விட்டுவிட்டு இழுத்தேன். வாங்கு உயரம், கதிரை பள்ளம். ஓரத்துக்கு வந்ததும் தலைகீழாகச் சரிந்தேன். கிழவர் பாய்ந்து என் தோளைப் பிடித்திருக்காவிட்டால் மூக்கு உடைந்திருக்கும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தது நான் மட்டும்தான் என்று தெரிய இரண்டு நிமிடம் பிடித்தது.

"யாருக்கு?" என்று கிழவர் அக்காவிடம் கேட்டார்.

"என் கணவருக்கு."

பத்து மாதமாக அக்காவை எங்களுக்குத் தெரியும். கணவர் ஊரில் கணக்கு வாத்தியார், வரப்போகிறார் என்பதும் தெரியும். 'வாத்தியார் வந்தால்' என்றுதான் அவருடைய பாதி வசனங்கள் தொடங்கும். வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வரும்போது லொறி அடித்து, நான்கு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீல்செயரில் இருக்கிறார் என்பதை அந்தப் பட்டறையில்தான் அறிந்தேன். அவருடைய தங்கை பார்த்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு, கரும்பலகையைப் பதிவாக, தன் கை எட்டும் உயரத்துக்கு இறக்கி மாட்டி, இருந்தபடியே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அக்கா கைப்பையிலிருந்து ஓர் ஏரோகிராம் கடிதத்தை எடுத்து விரித்தார். வாத்தியார் தன் வீல்செயரை வரைந்து, அம்புக்குறி போட்டு அளவுகள் எழுதியிருந்தார். 'தரையிலிருந்து இருக்கை பத்தொன்பதே கால் அங்குலம், நான் உட்கார்ந்து மெத்தை அழுந்திய பின் பதினெட்டே முக்கால்' என்று இருந்தது. கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மனிதருக்கு அளக்கத் தெரியும்" என்றார்.

பிறகு அவர் தொழில் முறையை எடுத்துச் சொன்னார். வேலை செய்கிறவர் நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டிகள் வாங்கைத் தொடவேண்டும், அதுதான் சரியான உயரம். பதினெட்டே முக்கால் அங்குலத்துக்குக் கால்களை வெட்டினால், வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் நீ குனிந்து குனிந்து ஒரு வருடத்தில் உன் முதுகு போய்விடும். வீட்டில் அவருக்கு வேறொன்று செய்யலாமே என்றார்.

"இரண்டு வாங்கு வைக்க அறை காணாது" என்றார் அக்கா. "என் முதுகை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அகலத்தைப் பாருங்கள்."

அகலமும் வழக்கத்தைவிடக் கூட வேண்டும் என்றார். இடுப்பு அசையாத ஆள் புரண்டு படுக்க இடம் வேண்டுமாம். மேல் விரிப்பின் தையல் எதுவும் உடம்பு படுகிற பக்கம் வரக்கூடாது, ஓரத்தில் ஓர் ஆணித்தலைகூடத் தட்டுப்படக்கூடாது. உணர்வில்லாத தோலில் புண் வந்தால் வந்ததே அவருக்குத் தெரியாது என்று விளக்கினார். இரண்டு கிழமை கழித்து வாங்கை எடுக்கப் போனபோது, கண்ணை மூடிக்கொண்டு ஓர் அங்குலம் விடாமல் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நின்றார். எனக்குப் பசி. ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

காரில் வரும்போது, "முதலே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"சொன்னா எல்லாரும் முகத்தை ஒரு மாதிரி வைச்சுக்கொண்டுதான் கதைப்பினம். வாத்தியார் வந்து இறங்கட்டும். அவர் ஒரு பகிடி விட்டாரெண்டா எல்லாம் சரியாப் போயிடும்."

வெஸ்ட்மீட்டில் ஏன் வீடு எடுத்தார் என்பதும் அப்போது விளங்கியது. ஆஸ்பத்திரி கட்டி முடிந்ததும் வீல்செயரைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம்.

அந்தப் பதிவான வாங்கை வந்தவர்கள் முதலில் வினோதமாகப் பார்த்தார்கள். பிறகு அதற்காகவே வந்தார்கள். எண்பது வயது மால்டாக் கிழவி ஒருவர், டொக்டர் வீட்டு மேசையில் ஏறப் பயந்து பத்து வருடமாக எந்த மேசையிலும் படுக்காதவர், இதில் சும்மா கட்டிலில் சாய்வது போலச் சாய்ந்தார். கிழமைக்கு இரண்டு தடவை வருவார். ரயில்வேயில் வேலை செய்த பாரமான மனிதர் ஒருவர், இது ஏன் இவ்வளவு பதிவு என்று கேட்டதற்கு அக்கா, "இது வரப்போகிற ஓர் ஆளுக்குச் செய்தது. உங்களுக்கு இரவல்" என்று பதில் சொன்னார். அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் எழும்பும்போது, 'அந்த ஆளுக்கு என் வணக்கத்தைச் சொல்' என்று சொல்லிவிட்டுப் போவாராம்.

அக்கா முழங்காலில் நின்றுதான் வேலை செய்தார். முதலில் பழைய கம்பளம் ஒன்றைப் போட்டுக்கொண்டார், பிறகு இறப்பர் விரிப்பு. ஆறு மாதத்தில் அவர் எழும்பும்போதும் ஒரு கை இடுப்புக்குப் போனது. "அக்கா, இப்ப நாங்கள் உங்களைப் பாக்கிறம்" என்று இராசம் பகிடியாகச் சொன்னாள். அக்கா சிரித்தார்.

இராசம் ஒருநாள் பின்னேரம் பிட்டு அவித்துக்கொண்டு போனாள். கதவு திறந்திருந்தது. முன்னறையில் அக்கா குசினிக் கதிரையை வாங்குக்குப் பக்கத்தில் போட்டு அதில் இருந்தார். இரண்டு கால்களையும் சேர்த்து ஒரு சேலைத் துண்டால் கட்டியிருந்தார். கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, கதிரையிலிருந்து வாங்குக்கும் வாங்கிலிருந்து கதிரைக்கும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். இராசத்தைக் கண்டதும் வெட்கப்படவில்லை. "நல்லாச் சரி வருது இராசம், எட்டுத் தரம் போய் வந்திட்டன்" என்றார். இராசம் பிட்டைக் குசினியில் வைத்துவிட்டு வந்து எனக்கு இதைச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகைதான் என்னைப் பெரிய உபகாரியாக்கியது என்று நினைக்கிறேன்.

வாத்தியாரைக் கூப்பிடுகிற விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் பதினான்கு வருடம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன் நான். எங்கள் கச்சேரியில் ஒரு விண்ணப்பத்தின் கனம் அதன் இணைப்புகளில் இருந்தது. பிறப்புச் சாட்சிப்பத்திரம், ஊர்த்தலைவரான விதானையாரின் கடிதம், பாதிரியாரின் கடிதம், படித்த பள்ளிக்கூடத்தின் கடிதம் என்று கட்டு தடிக்கத் தடிக்க மேலே இருப்பவர் மனம் இளகும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒற்றைத் தாளில் வந்த விண்ணப்பத்தை நானே எத்தனை தடவை ஏளனமாகத் தள்ளி வைத்திருக்கிறேன். அந்த நம்பிக்கையைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கப்பலேறினேன்.

அக்கா கொண்டுவந்தது மூன்று தாள்கள். படிவம், கலியாணப் பதிவு, கொழும்பு டொக்டரின் அறிக்கை. டொக்டர் நாலு வரியில் முடித்திருந்தார். இந்த ஆசிரியருக்கு நடக்க முடியாது, மற்றபடி தேக நிலை நல்லது, தினமும் கற்பிக்கிறார், இருந்து செய்யும் எந்த வேலையும் செய்வார்.

"இவ்வளவும் காணும்தானே அண்ணை? கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொன்னாச் சரி."

"அக்கா, உங்களுக்கு உதுகள் தெரியாது" என்றேன். "நீங்கள் அவரை எப்பிடிப் பார்ப்பியள் எண்டு அவைக்குக் காட்ட வேணும். அரசாங்கத்துக்கு ஒரு கரைச்சலும் இல்லையெண்டு காட்ட வேணும்."

பதினொரு இணைப்புகள் சேர்த்தேன். ஏழாவது இணைப்பை நினைத்து எனக்கு அளவில்லாத பெருமை. வாத்தியார் வந்தபின் என்ன என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று அக்கா ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தார். அதை வாங்கி நேரசூசியாக மாற்றினேன். எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பது, எத்தனை மணிக்குத் தோல் பார்ப்பது, எத்தனை மணிக்குத் தூக்கி இருத்துவது, கால்களை எத்தனை தடவை மடக்கி நீட்டுவது என்று விடியலிலிருந்து படுக்கும்வரை கோடு போட்டுத் தட்டச்சு செய்தேன். வாங்கைப் படம் பிடித்து ஒட்டி, பதிவாகச் செய்ததன் காரணத்தையும் தையல் கீழே போனதன் காரணத்தையும் கீழே எழுதினேன். பட்டறைக் கிழவரிடமும் ஒரு கடிதம் வாங்கினேன். அக்கா எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இதில வாத்தியாரைக் காணேல்லையே அண்ணை" என்றார். நான் அதற்கும் ஏதோ நியாயம் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

நான்கு மாதம் கழித்து மறுப்பு வந்தது. இரண்டே வரி. காரணம் எதுவும் போடப்படவில்லை.

அக்கா அன்று வேலைக்குப் போய், பின்னேரம் மால்டாக் கிழவிக்கும் முதுகு பிடித்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொல்ல வந்தார். அழவில்லை. "ஏனெண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு நகரத்தில் இருந்த குடிவரவுக் கந்தோருக்குப் போனேன். கண்ணியமான ஒரு மனிதர் கோப்பை எடுத்துவந்து மேசையில் விரித்தார். சொல்லக்கூடாது, ஆனாலும் நீ மினக்கெட்டு வந்ததால் சொல்கிறேன் என்றார்.

"டொக்டரின் அறிக்கையைப் பார்த்தபோது எங்களுக்குப் பெரிய தடை தெரியவில்லை. நாற்காலியில் இருந்து வேலை செய்யும் ஓர் ஆசிரியர். பிறகு இதைப் பார்த்தோம்." ஏழாவது இணைப்பைத் திருப்பிக் காட்டினார். "ஒரு நாள் முழுவதும் பராமரிக்க வேண்டிய நோயாளி. இந்தப் பெண் நோயில் விழுந்தால் இதையெல்லாம் யார் செய்வது? இதற்கு எங்களிடம் விடையில்லை."

வாங்கின் படம் மேலேயே இருந்தது. நான் நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் நின்று, உயரம் தெரியும்படி பிடித்த படம். அளவுகோலையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன்.  திரும்பக் கேட்கலாமா என்றேன். இந்தக் கோப்பு இருக்கும்வரை கஷ்டம் என்றார்.

ரயிலில் வரும்போது சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். சத்தியமாக இருந்தேன். அக்கா எங்கள் வீட்டு வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னவை அண்ணை?"

"காரணம் சொல்ல மாட்டினமாம், அக்கா."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "எனக்குத் தெரியும். நான் அவரை விட்டிட்டு முதல் வந்ததுதான். ஏலாத மனிசனைப் போட்டிட்டு வந்தவள் இப்ப ஏன் கூப்பிடுறாள் எண்டு நினைச்சிருப்பினம். அவையில பிழையில்லை. ஆரெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பினம்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. இராசம் உள்ளேயிருந்து வந்து அவருடைய தலையைத் தடவினாள்.

ஆறு கிழமையில் அக்கா சிட்னியை விட்டுப் போனார். வாங்கை மால்டாக் கிழவியின் மகன் வந்து ஏற்றிப்போனான். விமான நிலையத்தில் எங்கள் கைக்குழந்தையைக் கொஞ்சிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, கூடப் பிறந்தவையும் இவ்வளவு எழுதித் தரமாட்டினம். சாகுமட்டும் மறக்க மாட்டன்." நான் கட்டிக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியை ஊருக்கும் கொண்டுபோவதாகவும், வாத்தியாருக்குக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். 

வாத்தியார் காட்டிய அன்றே படித்திருக்க வேண்டும். மூன்று மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. முகமே பார்த்திராத மனிதர். அச்சு மாதிரியான எழுத்து.

'தங்கள் விண்ணப்பத்தை ஆறுதலாகப் படித்தேன். எனக்காக இவ்வளவு பாடுபட்ட இன்னொருவர் இல்லை. ஏழாவது இணைப்பில்தான் கணக்குப் பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். டொக்டர் ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதினார், நாம் ஒரு நோயாளியைப் பற்றி எழுதிவிட்டோம். இதில் தங்கள்மேல் எனக்கு எள்ளளவும் குறையில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவ, தான் முதலில் போனதால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்து உருகுகிறா. நான் எடுத்துச் சொன்னால் தன்னைத் தேற்றப் பார்க்கிறேன் என்கிறா. தாங்கள் ஒரு வரி எழுதினால் நம்புவா.'

'நாம்' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எத்தனையோ தடவை எழுதத் தொடங்கினேன். 'அன்புள்ள அக்காவுக்கு' என்பது வரை சரளமாக வரும். அதற்குப் பிறகு குழந்தை தவழ்கிறது, குளிர் கூடிவிட்டது, ஆஸ்பத்திரிக் கட்டடம் உயர்ந்துவிட்டது என்று பேனா வேறெங்கோ போகும். அவற்றைக் கிழித்துப் போட்டேன். அடுத்த மாதம் எழுதலாம் என்று வைத்தேன். அப்படி ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. இராசத்திடமும் சொல்லவில்லை. அவளும் அக்காவும் என்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் எனக்குப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அதைவிட நல்ல காரணம் ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எழுபதுகள் முடிவதற்குள் அக்காவின் ஏரோகிராம் வந்தது. வாத்தியார் போய்விட்டார். சலம் போகிற வழியில் கிருமி பிடித்து, காய்ச்சல் வந்து, பத்து நாளில் எல்லாம் முடிந்ததாம். புண் ஒன்றும் வரவிடவில்லை என்று எழுதியிருந்தார். தன்னால் கூப்பிட முடிந்திருந்தால் இன்னும் இருந்திருப்பார் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது:

'தபால்காரன் மணி அடித்தால் சிட்னியிலிருந்து ஏதும் வந்ததா என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். காய்ச்சலோடு கிடக்கும்போதும் கேட்டார். காணாமலே உங்களில் அவருக்கு அவ்வளவு பாசம், அண்ணை.'

அன்றே பதில் எழுதினேன். இரண்டு பக்கம். வாத்தியாருடைய கையெழுத்தைப் பற்றி எழுதினேன். வீல்செயரை அவர் கால் அங்குலம் பிசகாமல் அளந்து அனுப்பியதைப் பற்றி எழுதினேன். அக்கா மனத்தைத் தளரவிடக்கூடாது, சாப்பாட்டைக் கவனிக்கவேண்டும் என்று எழுதினேன். இராசமும் கீழே நாலு வரி எழுதினாள். ஏழாவது இணைப்பைப் பற்றி நான் எழுதவில்லை.